இரண்டு பலகை ஊர்

கதிர்,

கொலுவுக்கு வைத்த பார்க்கை நான் இன்னும் கலைக்கவில்லை. கொலுப்படிகளைப் பிரித்துப் பரணில் ஏற்றியாயிற்று. பிள்ளையார், தசாவதாரம், செட்டியார் கடை எல்லாம் உன் அப்பாவின் பழைய வேட்டிகளுக்குள் சுருண்டு பெட்டிக்குள் போயாயிற்று. கூடத்து மூலையில் அந்த இரண்டு பலகை மட்டும் தரையில் அப்படியே கிடக்கிறது. பெருக்கும்போது சுற்றிப் பெருக்குகிறேன். துடைக்கும்போது சுற்றித் துடைக்கிறேன். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மாமி வாடகை ரசீது கொடுக்க மாடியேறி வந்தவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஏன்டிம்மா, விஜயதசமி போய் தீபாவளியே வரப்போறது. இன்னும் இதைக் கட்டிண்டு அழறியே. ஆகுமோ ஆகாதோ, அதை விடு. எறும்பு வராதோ?" என்றார். "என் பையன் பதில் சொன்னதும் எடுத்துடறேன் மாமி" என்றேன். "பார்க்குக்கு என்னடி பதில் வேண்டிக்கிடக்கு? பரீட்சையா வெச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். மாமி சொன்னதில் தப்பே இல்லை. நான் பரீட்சைதான் வைத்தேன். நீ வெறும் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய்.

தினமும் போன் பண்ணுகிறாய். அதில் உன்னைக் குறை சொல்ல முடியாது. "சாப்டியாம்மா?" "சாப்டேன்டா, நீ?" "ஆச்சு. அங்க மழையா?" "தூறல்." "சரிம்மா, மீட்டிங் இருக்கு." இதைத்தான் நாம் அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். ரேடியோவில் வரும் வானிலை அறிக்கையில்கூட இதைவிட விவரம் இருக்கும். முந்தாநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "தீபாவளிக்கு எப்படா வரே?" என்று கேட்டேன். "டிக்கெட் கிடைக்கலைம்மா" என்றாய். டிக்கெட் திறக்கிற அன்று காலையில் பல் தேய்க்காமல் போனோடு உட்கார்கிற பிள்ளை நீ. உனக்கா டிக்கெட் கிடைக்கவில்லை? எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. போனில் மறுபடி கேட்டால் மறுபடி மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, மூடி வைக்கத்தான் முடியும். மூடினாலும் பிறகு எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலிலிருந்து சொல்லப் போகிறேன். நீ மறந்துபோன மாதிரி நடந்துகொள்வதால் வேறு வழியில்லை. என் பிறந்த வீட்டிலும் சரி, உன் அப்பா வீட்டிலும் சரி, கொலு வழக்கம் கிடையாது. உன் அப்பா பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவர், நான் வையம்பட்டிப் பக்கம் காட்டுவேலை செய்த வீட்டிலிருந்து வந்தவள். ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த முதல் வருடம், மாமி வீட்டுக் கொலுவைப் பார்த்துவிட்டு வந்து நீ தரையில் புரண்டு அழுதாய். ஐந்து வயது உனக்கு. படியில் இருந்த பொம்மைகள் உனக்கு வேண்டாம், படிக்குக் கீழே மாமியின் பேரப்பிள்ளைகள் மண்ணைக் கொட்டிக் கட்டியிருந்த பார்க்தான் வேண்டும். கண்ணாடித் துண்டில் குளம், கேழ்வரகு முளைக்க வைத்துப் புல்வெளி, அதில் பிளாஸ்டிக் மாடு. உன் அத்தை அப்போதே சொன்னாள், "நம்ம வீட்டுல ஏது அண்ணி கொலு? வழக்கமில்லாததை ஆரம்பிச்சா வருஷா வருஷம் விடாம வெக்கணும், பாத்துக்கங்க." உன் அப்பா சிரித்துக்கொண்டே, "படியா வெக்கிறோம்? பார்க்தானே வெக்கிறோம். பார்க்குக்கு ஏது சாமி குத்தம்?" என்று இரண்டு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். படிகள் அதற்கப்புறம் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தன, பார்க்குக்குத் துணையாக. எந்த வீட்டிலும் இப்படித் தலைகீழாக நடந்திருக்காது.

ஒரு பலகை ஸ்ரீரங்கம், ஒரு பலகை பொன்மலை. நடுவில் காவிரி, உடைந்த பீரோக் கண்ணாடியின் நீளத் துண்டு. நம் வீடு, நான் உட்காரும் பெஞ்சு, ஸ்டேஷன், அந்தப் பக்கம் அப்பாவின் ஒர்க்‌ஷாப் கேட். ஆள் பொம்மைகள் என் பொறுப்பு. செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு மிக்சியில் அரைத்து, கட்டைவிரல் உயரத்துக்குப் பிடித்து வெயிலில் வைப்பேன். "சட்னியில பேப்பர் வாசம் அடிக்குது, இன்னிக்குத் தலைப்புச் செய்தி என்ன?" என்று உன் அப்பா ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு முகம் வரைய வராது. அதனால் நம் ஊரில் யாருக்கும் முகம் கிடையாது. நீலச் சட்டையும் சைக்கிளும் என்றால் அப்பா. குடை என்றால் நான். டிபன் கேரியர் என்றால் அத்தை. அரை டிராயர் என்றால் நீ, அப்புறம் பேன்ட் என்றால் நீ. ரயில் அப்பாவின் வேலை. பிஸ்கட் டின்னை வெட்டி எஞ்சினும் இரண்டு பெட்டியும் செய்தார், பெட்டிக்குத் திறந்து மூடுகிற மூடி வேறு. பழைய குடைக்கம்பிகளை வளைத்துத் தண்டவாளம் போட்டார். சென்னைக்கு நேராகப் போகிற தண்டவாளம் வேண்டும் என்று நீ அடம் பிடித்ததும், "ரெண்டு பலகைக்கு மேல உங்கம்மா இடம் தரமாட்டாடா" என்று அவர் உன்னைச் சமாதானப்படுத்தியதும் ஞாபகம் இருக்கிறதா?

எப்போது அது விளையாட்டாக இல்லாமல் போனது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஸ்கூட்டர் வாங்கிய வருடமாக இருக்கலாம். லோன் போட்டதை உன் அப்பா என்னிடம் சொல்லவேயில்லை. கொலுவுக்குச் சுண்டல் வடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நம் வீட்டு வாசலில் ஒரு தகர ஸ்கூட்டர் நிற்கிறது. "இது யாருது?" என்றேன். "வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருதும் இல்ல" என்றார். அடுத்த வருடம் நான் பழி தீர்த்துக்கொண்டேன். திருவானைக்காவலில் பூகோளம் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்தது. அவரிடம் கேட்கத் தயக்கம். என் பொம்மையைப் பெஞ்சிலிருந்து எடுத்து, தோளில் பையை மாட்டி, ஸ்கூல் கேட்டில் நிறுத்தினேன். அவர் வேலைக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே பார்த்தார். "டீச்சர் எப்ப சேர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். அதோடு முடிந்தது. இப்படித்தான் நம் வீட்டில் எல்லாச் சேதியும் முதலில் அந்தப் பலகைக்கு வந்தது, அப்புறம்தான் வாய்க்கு வந்தது. உன் அத்தைக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "பொம்மை வெச்சு சேதி சொல்ற குடும்பத்தை ஊர்ல எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நல்லது கெட்டது எதுன்னாலும் நவராத்திரி வரைக்கும் காத்திருக்கணுமா?" என்பாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் முதல் நாளே வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பார்க்கைத்தான் பார்ப்பாள்.

நீ மட்டும் என்ன, லேசுப்பட்டவனா? பிளஸ் டூ படிக்கும்போது நீ செய்ததைச் சொல்லட்டுமா? உன் அப்பா இஞ்சினியரிங் காலேஜ் கட்டடம் ஒன்றை அட்டையில் அழகாகச் செய்து பொன்மலைப் பலகையில் வைத்திருந்தார். ஆசை அவருக்கு. மறுநாள் பார்த்தால் உன் பொம்மை அந்த கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கையில் நகம் அளவுக்கு ஒரு டிராயிங் நோட்டு. உன் அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். "இவன் ஏன் திரும்பி நிக்கிறான்?" என்று என்னைக் கேட்டார். "அவனையே கேளுங்க" என்றேன். கேட்கவில்லை. இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவும் இல்லை. நீ சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து, தீக்குச்சிகளை ஒட்டிச் சாய்வாக ஒரு மேஜையும் ஒரு முக்காலியும் செய்து, உன் பொம்மைக்கு முன்னால் வைத்தார். நின்றுகொண்டே வரைந்தால் கால் வலிக்கும் என்றார். அதுதான் சம்மதம். அந்த மேஜையிலிருந்து கிளம்பியவன்தான் நீ. இன்று கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குத் தெருவும் கோட்டையும் கட்டிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறாய். ஊர் ஊராகக் கட்டத் தெரிந்தவனுக்கு, அம்மா கட்டிய இரண்டு பலகையைப் படிக்கத் தெரியவில்லை என்றால் நான் நம்ப வேண்டுமா?

அப்பா தவறிய வருடம் கொலு கிடையாது. இறப்பு நடந்த வீட்டில் அந்த வருடம் வைப்பதில்லை என்றார்கள், எனக்கும் வைக்கிற தெம்பு இல்லை. அடுத்த வருடம் பெட்டியைத் திறந்ததும் மேலாக நீலச் சட்டை. கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போனவரைப் பொம்மையாகக் கொலுவில் வைக்கக் கூடாது, படமாகச் சுவரில்தான் இருக்க வேண்டும் என்று அத்தை சொன்னாள். அவளுடைய அண்ணன், அவளுக்கு மட்டும் வலிக்காதா? இருந்தாலும் அவளோடு சண்டை போட்டேன். வைக்காவிட்டால் அவர் இந்த ஊரிலேயே இல்லை என்று ஆகிவிடுமே என்று கத்தினேன். நீ ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாய். இரண்டு பேர் கத்துவதையும் கேட்டுக்கொண்டே, பெட்டியிலிருந்து சைக்கிளை மட்டும் எடுத்தாய். அதை ஒர்க்‌ஷாப் கேட்டில் சாய்த்து நிறுத்தினாய். ஸ்டாண்ட் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாய். "அப்பா ஷிஃப்ட்ல இருக்கார்" என்றாய். உன் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். கதிர், நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், எத்தனையோ துக்கத்துக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு மனிதர் இல்லாததை இவ்வளவு சரியாகச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு எல்லா வருடமும் அந்தச் சைக்கிள் அங்கேதான் நிற்கிறது. இந்த வருடமும் அங்கேதான் நின்றது. நீ அதைப் பார்த்தாயா? குனிந்து பார்த்தாயே, அந்தப் பக்கம் கண் போனதா?

சரி, இப்போது வர வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மளிகைக் கடைக் கேழ்வரகு ஒரு வருடம் முளைக்கவே இல்லை, பலகை மொட்டையாகக் கிடந்தது. நீதான் போனில் சொன்னாய், விதைக் கடையில் கேட்டுப் பார் என்று. ஆக, ஆரம்பித்து வைத்தது நீ, அதை மறக்க வேண்டாம். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு விதைக் கடையில் போய் நின்றேன். "கேழ்வரகு விதை வேணும்." "எத்தனை ஏக்கருக்கும்மா?" "ரெண்டு பலகைக்கு." கடைக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். "முளைப்பாரிக்கா?" "இல்லைங்க, பார்க்குக்கு." "எந்தப் பார்க்குக்கு? கார்ப்பரேஷன்லேருந்து வர்றீங்களா?" அங்கே மூட்டை தூக்குகிறவரிலிருந்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் தனியாக இருந்து, சிரித்தே வெகுநாள் ஆகியிருந்ததால் அது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஒரு கைப்பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, ராத்திரி ஊறவைத்துத் துணியில் கட்டி முளைவிட்ட பிறகு தூவுங்கள் என்றார். காசு வாங்கவில்லை. "முளைச்சா சொல்லுங்கம்மா, முளைக்கலைன்னா வந்து சண்டை போடுங்க" என்றார். முளைத்தது. சொல்லப் போனேன்.

அவர் பெயர் செல்வராசு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஊர் வையம்பட்டிதான், எங்கள் பக்கம். தம்பி தங்கைகளைக் கரையேற்றி, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே ஐம்பதைத் தாண்டிவிட்டவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் கிண்டலாகத்தான் பேசுவார். போன வருடம் பார்க்கைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்த சைக்கிள்காரர் எங்க?" என்று கேட்டார். "ஷிஃப்ட்ல இருக்கார். என் பையன் சொன்னது" என்றேன். புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். பிறகு கிளம்பும்போது, "பெஞ்சு பெருசா இருக்கு, குடைக்காரம்மா மட்டும் ஓரமா உக்காந்திருக்காங்க" என்றார். இதற்கு மேல் உனக்கு விவரம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதுவே அதிகம்.

இந்த வருடம் அவரைச் செய்தேன். கையில் விதை மூட்டையோடு. செய்து முடித்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலில் காயவைத்தபடியே விட்டிருந்தேன். ஸ்டேஷனில் வைத்துப் பார்த்தேன், யாரோ ஊருக்குப் போகிறவர் மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் வைத்தேன், பால்காரர் மாதிரி இருந்தது. கடைசியில் பெஞ்சில், எனக்குப் பக்கத்தில், நடுவில் மூட்டைக்கு இடம் விட்டு வைத்தேன். முதல் நாள் அத்தை வந்தாள். செருப்போடு நின்று பார்த்தாள். "யாரு அண்ணி இது, மூட்டையும் கையுமா?" என்றாள். அவள் குனிந்து சுற்றிலும் பார்த்தாள், ஒர்க்‌ஷாப் கேட்டைப் பார்த்தாள், நிமிர்ந்தாள். "வெத்தலை பாக்கு குடுக்க கூப்புட்டுட்டு இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, சுண்டல் கிண்டல் உண்டா இல்லையா?" என்று அதட்டிவிட்டு உள்ளே போனாள். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் சைக்கிளை மட்டும் எடுத்துடாதீங்க அண்ணி, அது போதும்" என்றாள். இருபது வருடமாக என்னைக் குத்திக்கொண்டே இருக்கிற உன் அத்தை. அவளுக்குப் புரிந்தது, கதிர்.

சரஸ்வதி பூஜை அன்று காலையில் நீ வந்தாய். பையைக்கூட இறக்கவில்லை, வழக்கம்போல் பார்க்குக்கு முன்னால் குந்தினாய். நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரும்மா இது?" "எது?" "பெஞ்சுல, உன் பக்கத்துல." "செல்வராசு. விதைக்கடைக்காரர்." "விதைக்கடைக்காரர் எதுக்கு நம்ம பெஞ்சுல உக்காந்திருக்கார்?" அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "உக்கார இடம் இருந்துச்சு, உக்காந்திருக்கார். காபி குடிக்கிறியா?" என்றேன். "ம்" என்றாய். காபி குடித்தாய். புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்தாய். விஜயதசமி சாயங்காலம் நான் ஆரத்தித் தட்டைக் கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பை தோளில் இருந்தது. "போயிட்டு வரேன்மா." அவ்வளவுதான். உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பொம்மைகளுக்கு வரையத் தெரியாமல் விட்ட முகத்தை நீ போட்டுக்கொண்டு போனாய்.

மறுநாள் காலையில் பார்க்கைப் பார்த்தால் பெஞ்சில் நான் மட்டும் இருக்கிறேன். முதலில் எலி என்று நினைத்தேன். வெந்தய வாசத்துக்கு எலி வரும். பலகைக்கு அடியில் தேடினேன், பீரோவுக்குப் பின்னால் தேடினேன், மாமி வீட்டுப் பூனைமேல் சந்தேகப்பட்டு மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என் பூனை தயிர் சாதம் தவிர ஒண்ணும் தொடாது, உன் பேப்பர் ஆளை அது ஏன்டி தின்னப் போறது?" என்றார். கடைசியில் மணலை அள்ளலாம் என்று ரயிலைத் தூக்கினேன். இரண்டாவது பெட்டிக்குள் ஏதோ உருண்டது. மூடியைத் திறந்தால், விதை மூட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறார் மனிதர். ரயிலைப் பொன்மலைப் பலகையின் கடைக்கோடிக்குத் தள்ளியிருந்தாய். பெஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் அனுப்ப முடியுமோ அவ்வளவு தூரம். கொலு முடிந்தது என்று காட்ட ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிற வழக்கம் எனக்கும் தெரியும். அதற்கு மரப்பாச்சி இருக்கிறது, செல்வராசு எதற்கு? தீபாவளிக்கு உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, ஆனால் அவருக்கு மட்டும் டிக்கெட் எடுத்து ரயிலேற்றி விட்டிருக்கிறாய். படுக்கை வசதியோடு.

நான் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் உன்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது, இன்னும் அடங்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லேன்டா. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா?" என்று கேளேன். "அப்பாவை மறந்துட்டியா?" என்று கேளேன். கேட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், நீ கதவைச் சாத்தியிருப்பாய், ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருப்போம். என்மேலும் தப்பு இருக்கிறது. இத்தனை வருடம் பொம்மையே பேசிவிடும் என்று நம்பி, உன்னையும் அப்படியே வளர்த்துவிட்டேன். கையால் செய்கிற ஒன்றில் பாசத்தை வைக்கலாம், இல்லாதவரை நிறுத்தி வைக்கலாம், வரப்போகிறவரை உட்கார வைத்துப் பார்க்கலாம். அதெல்லாம் செய்யும். சண்டை மட்டும் போட முடியாது. சண்டைக்கு வாய்தான் வேண்டும். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால் அவளிடமும் இப்படிப் பொம்மையை நகர்த்திவிட்டு பஸ் ஏறாதே. அவள் என்னைப்போல் பலகையைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருக்க மாட்டாள்.

அதனால் இந்த முறை பொம்மையை நம்பாமல் எழுத்திலேயே சொல்கிறேன். தை பிறந்ததும் நானும் அவரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பதிவு செய்துகொள்ளப் போகிறோம். மேளம், மண்டபம் எதுவும் கிடையாது. அவர் இந்த வீட்டுக்குத்தான் வருவார், உன் அறையில் ஒரு ஆணியைக்கூட நகர்த்த மாட்டேன். அப்பாவின் படம் அதே சுவரில், சைக்கிள் அதே கேட்டில். அத்தை சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறாள். இன்னொரு கையெழுத்து உன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. நீ பேச வேண்டும் என்று எழுதுகிறேன். நீ முடியாது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வேன். சாப்டியாம்மா, மழையா என்று காலம் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தால் தாங்கமாட்டேன்.

இன்னொன்று சொல்லி முடித்துவிடுகிறேன். செல்வராசுவை நான் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. மூடியை மறுபடி மூடினேன். நீ எஞ்சினை எந்தப் பக்கம் பார்க்க வைத்திருந்தாயோ, அதே பக்கமாக ஒரு விரலால் தள்ளினேன். பின்னால் தள்ளவில்லை, நீ அனுப்பிய வழியிலேயே விட்டேன். பலகைக் கோடியில் திரும்பி, ஒர்க்‌ஷாப் கேட்டை ஒட்டி, சைக்கிளில் இடிக்காமல் போனது. கண்ணாடிக் காவிரியைக் கடகடவென்று தாண்டியது. வந்து ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில், பெஞ்சுக்கு எதிரில் நின்றது. வேறு எங்கே போகும்? உன் அப்பா போட்ட தண்டவாளம்டா அது, வட்டம். இந்த வீட்டிலிருந்து யாரை எவ்வளவு தூரம் அனுப்பினாலும் அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பி இங்கேதான் வர வேண்டும். நீயும்தான்.

ரயில் அங்கேயே நிற்கிறது. மூடியை நீ வந்துதான் திறக்க வேண்டும். திறக்க மாட்டேன் என்றால் அதையும் வந்து சொல். வாடிப்போன கேழ்வரகைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் தூவியிருக்கிறேன். விதை அவர் கடையுடையதுதான், காசு கொடுத்து வாங்கினேன். தீபாவளிக்குள் பச்சை கட்டிவிடும். ரயிலில் இடம் இல்லை என்றால் பஸ்ஸில் வா. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்றால் நின்றுகொண்டே வா.

அம்மா